இறைச்சிக் கடைக்குச் சைவர் போய்வந்த விவரம்

நவம்பர் 2, தேஜோன்

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற சார்பதிவாளர் சிதம்பரதாணு ஆகிய நான் இன்று மாலை தென்கொரியா வந்து சேர்ந்தேன். குளிர். மூக்கு நுனி இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வடிவு விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். தனியாகத்தான் வந்தாள். நல்லது.

இது ஊர் சுற்றும் பயணம் இல்லை, விசாரணை. அதனால்தான் வேலையில் இருந்தபோது எழுதிய மாதிரி தினமும் எழுதி வைக்கிறேன். வடிவு எங்களுக்கு ஒரே பெண். இங்கே பேட்டரி ஆராய்ச்சிக் கூடத்தில் நான்கு வருடமாக வேலை. இரண்டு மாதத்துக்கு முன்பு போனில், ஜுன்ஹோ என்று ஒரு பையன், இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம் என்றாள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா ஏதோ சாப்பாட்டுக் கடை நடத்துகிறாராம். கோமதி போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாப்பாடு போடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்க என்ன சொல்லுதியளோ அதான்."

இத்தனை காலம் கூட வாழ்ந்தவனுக்கு இதன் பொருள் தெரியாதா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். விமானம் என்றால் அவளுக்குப் பயம். ஆகவே அந்த வேலை என் தலையில்.

வடிவு சாம்பார் வைத்திருந்தாள். உப்பு சரியாக இருந்தது.

நவம்பர் 3

வடிவு குளித்துக்கொண்டிருந்தபோது தயிர் எடுக்கலாம் என்று குளிர்பெட்டியைத் திறந்தேன். மேல் தட்டில் உறைந்துபோன பொட்டலம் ஒன்று. அதன் மேல் சமையல்காரத் தொப்பி போட்ட பன்றி ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

இந்த நாட்டில் எல்லாப் பொருளின் மீதும் ஏதாவது ஒரு விலங்கு சிரிக்கிறது. சலவைத் தூள் டப்பாவில் கரடி. பல் பசையில் முயல். அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் பார்த்தபோது பொட்டலம் அங்கே இல்லை. அதையும் கேட்கவில்லை.

நவம்பர் 5

இன்று பையனையும் அவன் அம்மாவையும் பார்த்தாயிற்று.

ஜுன்ஹோ காரில் வந்தான். உயரம், கண்ணாடி, இரண்டு கையாலும் கும்பிடப் பழகியிருக்கிறான். "வணக்கம் மாமா, சாப்ட்டீங்களா" என்றான். வடிவு சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சாப்பிடத்தானே கூட்டிப்போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. ரயில்வேயில் பொறியாளராம். ரயில்வே வேலை என்பதை இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய விவரம்.

கடை வாசலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டுக் கடை என்று வடிவு சொன்னது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு குழி, குழிக்குள் தணல். ஹோம குண்டம் மாதிரி. மேலே கூரையிலிருந்து யானைத் துதிக்கை போலப் புகைக் குழாய் தொங்குகிறது. ஆனால் குண்டத்தில் சொரிவது நெய் இல்லை. பன்றி. ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாங்களே சுட்டு, தையல்கடைக் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றால் நறுக்கிச் சாப்பிடுகிறார்கள்.

"வடிவு," என்றேன்.

"அப்பா, உங்களுக்குன்னு தனியா எல்லாம் செஞ்சிருக்காங்க. கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். எங்கள் மேசையில் தணல் போடவில்லை. அதற்குப் பதில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக வரத் தொடங்கின. நல்லெண்ணெயில் பிரட்டிய கீரை. முளைப்பயறு. தித்திப்பும் உப்புமாகச் சுண்டிய தாமரைத்தண்டு. ஊறிய முள்ளங்கி. கத்தரிக்காய், பூசணி, இன்னும் பெயர் தெரியாத ஏதோ ஒரு கிழங்கு. எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். நம் கல்யாண இலையில் வைக்கும் தொடுகறிகளைக் கிண்ணத்தில் போட்டது மாதிரி இருந்தது. இதற்குப் பெயர் பான்சான். இறைச்சிக்குத் துணையாக வைப்பதாம். துணையே இப்படி என்றால் மாப்பிள்ளை எதற்கு என்று தோன்றியது. காலியானால் கேட்காமலே நிரப்புகிறார்கள். சிவப்பாக முட்டைக்கோஸ் ஊறுகாய் ஒன்று, கிம்ச்சி. அதை மூன்று தடவை நிரப்பவைத்தேன்.

பையனின் அம்மா பெயர் யூன். குட்டையான, கெட்டியான பெண்மணி. வந்ததும் என் வயதைக் கேட்டார். அறுபத்து நான்கு என்றேன். அவருக்கு அறுபத்தொன்று. அதில் ஏதோ திருப்தி. வடிவு என்று அவருக்கு வாயில் வரவில்லை. 'பதிவு' என்கிறார். பதிவுத் துறையிலேயே காலம் கழித்தவன் நான், திருத்த மனம் வரவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கொரிய மொழியில் வெகுநேரம் பேசினார். விரலை ஆட்டினார். மேசையைத் தட்டினார். முடிந்ததும் ஜுன்ஹோவைப் பார்த்தேன்.

"நீங்க வந்ததுல சந்தோஷம்னு சொல்றாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றான்.

பக்கத்து மேசையில் இறைச்சி சுடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வடிவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கழுத்து வலியாக இருக்கலாம்.

நவம்பர் 6

வயிறு சரியில்லை. காரம். ஆனால் நல்ல காரம்.

நவம்பர் 7

வடிவு வேலைக்குப் போன பிறகு நடைப்பயிற்சிக்குப் புறப்பட்டேன். இங்கே தெருக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் எப்படியோ யூன் அம்மாளின் கடை வாசலில் போய் நின்றேன்.

மத்தியானம் கடைக்கு இடைவேளை. அவர் தனியாக உட்கார்ந்து முளைப்பயற்றின் வாலை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். மலை போலக் குவிந்திருந்தது. ஒருவர் வேலை செய்யும்போது பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. நானும் உட்கார்ந்து கிள்ளினேன். என்னுடையது கொஞ்சம் நீளமாக இருக்கிறது என்று சைகையால் சொன்னார். திருத்திக்கொண்டேன்.

அவர் போனில் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறது. அவர் கொரிய மொழியில் பேசினால் அது தமிழில் சொல்லும். வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி கணீரென்று சொல்கிறது.

"தங்களுக்குக் கிம்ச்சி பிடித்திருந்ததா?"

பிடித்திருந்தது என்றேன். ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். பிறகு இன்னொன்று. அப்போது போன் சொன்னது:

"மன்னிக்கவும். நேற்று முன்தினம் கூற மறந்தேன். இதில் உப்பிட்ட இறால் உள்ளது."

நான் இரண்டாவது தட்டின் நடுவில் இருந்தேன். உற்றுப் பார்த்தேன். இறால் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகத் தட்டைப் பாதியில் தள்ளி வைத்தால் அந்த அம்மாள் மனம் என்ன பாடுபடும். முடித்துவிட்டேன்.

கோமதி போனில் கேட்டாள். "முகமெல்லாம் பளபளன்னு இருக்கு, எங்க போய்ட்டு வாறிய?"

நடைப்பயிற்சி என்றேன்.

நவம்பர் 9

ஞாயிறு. ஜுன்ஹோ என்னை ரயில் பார்க்க அழைத்துப் போனான். வடிவுக்கு ஏதோ வேலை என்று வரவில்லை. வேண்டுமென்றே வராதிருந்திருப்பாள்.

அவன் மீது எனக்குள்ள ஆட்சேபணைகளை எழுதி வைக்கலாம் என்று இருந்தேன். ரொம்ப உயரம். வேகமாகச் சாப்பிடுகிறான். அவன் அம்மா பேசுவதை ஒழுங்காக மொழிபெயர்ப்பதில்லை. வேறு யோசித்து எழுத வேண்டும்.

வடிவு வாங்கிக் கொடுத்த புது ஷூவை எனக்குச் சரியாகக் கட்டத் தெரியாது. நடைமேடையில் கயிறு அவிழ்ந்துவிட்டது. அவன் அத்தனை பேர் நடுவில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து கட்டிவிட்டான். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று காலை இழுக்கவும் இல்லை.

இங்கே ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது.

நவம்பர் 12

மத்தியானம் கடைக்குப் போனேன். பூண்டு உரித்தோம். யூன் அம்மாளின் கணவர் எட்டு வருடம் முன்பு தவறிவிட்டார். அவர் போன பிறகு ஒரே ஒரு நாள்தான் கடையைப் பூட்டினாராம்.

எனக்கென்று தனிச் சட்டி வாங்கி வைத்திருக்கிறார். அதில் இறைச்சி படாது. காளானும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சுட்டுக் கொடுத்தார்.

வேட்டி இடுப்பில் முன் மாதிரி நிற்கவில்லை. குளிரில் துணி சுருங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 15

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். 'உங்கள் மகனிடம் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வழக்கம் வேறு, உங்கள் வழக்கம் வேறு.' கேட்பவர் மனம் நோகாமல் இருக்க வேண்டும். முதலில் பயறு கிள்ளிவிட்டு அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். போனை எடுத்துப் பேசினார். போன் கணீரென்று சொன்னது:

"தங்கள் மகளை எனது மருமகளாக ஏற்க எனக்கு விருப்பம் இல்லை."

போனில் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னது.

எழுந்து வந்துவிட்டேன். குல்லாவை அங்கேயே விட்டுவிட்டேன்.

நவம்பர் 16

என் மகளுக்கு என்ன குறைச்சல்?

டாக்டர் பட்டம் வாங்கியவள். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை ஒருவர் அவளைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வருவாள். அவளைப் போய் வேண்டாம் என்று சொல்ல இவர் யார். நானும் அவர் மகனை வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அது வேறு. நான் நோகாமல் சொல்லியிருப்பேன்.

வடிவு என்னப்பா ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். தலைவலி என்றேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஜுன்ஹோவிடமிருந்து ஏதோ செய்தி வந்து அதைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்குப் போய்க் காரணம் கேட்கப் போகிறேன். குல்லாவும் எடுக்க வேண்டும்.

நவம்பர் 17

போனேன். குல்லாவைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"என் மகளிடம் என்ன குறை?"

அவர் யோசித்துப் பேசினார். போன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு அவளைப் பிடிக்கும். நான்கு வருடமாகப் பிடிக்கும். ஆனால் அவள் தங்களிடம் ஒரு விஷயத்தை மறைக்கிறாள். அது என்ன என்று நான் கூற மாட்டேன். பெற்ற தகப்பனிடம் மறைப்பவள் நாளை என்னிடமும் மறைப்பாள். முதல் நாளே தங்களிடம் இதைக் கூறினேன். என் மகன் என்ன மொழிபெயர்த்தான் என்று தெரியவில்லை."

விரலை ஆட்டியது, மேசையைத் தட்டியது எல்லாம் இதற்குத்தானா. சந்தோஷம் என்று சொன்னான் பயல்.

நான் சொன்னேன், "என் மகள் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது பொய் ஆகாது."

போன் அதைக் கொரிய மொழியில் சொல்லி முடித்தது. யூன் அம்மாள் என்னையே பார்த்தார்.

"அப்படியானால் தங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒன்றும் தெரியாது," என்றேன். "பொட்டலத்தில் எல்லாப் பிராணியும்தான் சிரிக்கிறது."

போனுக்கு அது புரியவில்லை போலிருக்கிறது. ஆனால் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பயற்றுக் கூடையை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"கேளுங்கள்," என்றது போன்.

நவம்பர் 18

தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வடிவு, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கப்பா."

"இங்க கரண்டு பில் எவ்வளவு வரும்?"

சொன்னாள். கொஞ்சம் அதிகம்தான்.

நவம்பர் 19

இன்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

கையைப் பிசைந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "நாளைக்கு மழை வரும்போல. வெளிய போனா குடை எடுத்துக்கோங்க."

நவம்பர் 20

மழை வரவில்லை.

நவம்பர் 21

கோமதி கேட்டாள், "என்னதான் முடிவு பண்ணியிருக்கிய?"

"விசாரணை இன்னும் முடியல."

"ஆளைப் பாத்துட்டு வாங்கன்னா அங்கயே குடியிருந்துருவிய போலுக்கே."

அந்த அம்மாள் வேண்டாம் என்று சொன்னதை நான் கோமதியிடம் சொல்லவில்லை. எதற்காக அப்படிச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். கோமதி வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்காமல் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவள். மகள் பன்றி தின்கிறாள் என்று (இதை அடிக்க வேண்டும்) பெண்ணைப் பற்றி எதையாவது கேள்விப்பட்டால் தாங்க மாட்டாள்.

நவம்பர் 22

குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கிம்ச்சியை இவர்கள் ஒரே நாளில் போட்டு வைக்கிறார்கள். கடையில் இன்று அந்த வேலை. எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் குவியல் இடுப்பு உயரம். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இதழாக விரித்து உள்ளே மிளகாய் விழுதைத் தடவ வேண்டும். எனக்கென்று இறால் சேர்க்காத விழுது ஒரு சட்டியில் தனியே இருந்தது. வேண்டாத சம்பந்திக்கு இவ்வளவு செய்கிற அம்மாளை என்னவென்று சொல்வது.

வடிவும் ஜுன்ஹோவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் தடவியது சரியில்லை என்று இவள் கொரிய மொழியில் ஏதோ சொன்னாள். அவன் பதில் சொன்னான். வடிவு சிரித்தாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்தால் அடுத்த அறைக்குக் கேட்காது. இத்தனை வருடமும் அதுதான் அவள் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் ஒரு பெரிய தட்டு வந்தது. அன்று வேலை செய்தவர்கள் எல்லோரும் வேகவைத்த பன்றி இறைச்சியைப் புதுக் கிம்ச்சியில் சுற்றிச் சாப்பிடுவது வழக்கமாம். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தவர்கள். எல்லோரும் எடுத்தார்கள். தட்டு வடிவு முன்னால் வந்தது.

"எனக்குப் பசியில்ல," என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது.

யூன் அம்மாள் என்னைப் பார்த்தார். நான் முட்டைக்கோஸைப் பார்த்தேன்.

நவம்பர் 23

ஒன்றும் எழுதுவதற்கில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 24

நாளை மறுநாள் விமானம். அதனால் இன்று மாலை எல்லோருக்கும் என் செலவில் சாப்பாடு, யூன் அம்மாளின் கடையிலேயே என்று சொல்லிவிட்டேன். ஜுன்ஹோ வேலையிலிருந்து நேரே வந்தான். வழக்கம்போல் எங்கள் மேசையில் தணல் இல்லை. வழக்கம்போல் கிண்ணங்கள் வந்தன.

மேசை ஓரத்தில் அழைப்பு மணி ஒன்று உண்டு. அதை நானே அழுத்தினேன். யூன் அம்மாள் வந்தார். உணவுப் பட்டியலை விரித்து ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, நான்கு பேருக்கு என்று விரலைக் காட்டினேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்தப் படத்தின் ஓரத்தில் இரண்டு காளான் இருந்தது. நான் காட்டியது காளானை.

வடிவு எட்டிப் பார்த்தாள். "அப்பா," என்றாள். குரல் கீழே போய்விட்டது. "அது பன்னி."

"படம் பாக்கத் தெரியாதவன்னு நினைச்சியா," என்றேன்.

தணல் வந்தது. சாய்வான இரும்புத் தட்டு வந்தது. ஜுன்ஹோ இறைச்சித் துண்டுகளை எடுத்து வைத்தான். ஒரு துண்டு தவறிக் கிண்ணத்தில் விழுந்தது. யூன் அம்மாள் போகாமல் மேசையருகிலேயே நின்றார். தட்டில் கொழுப்பு உருகிச் சடசடவென்றது. ஓரங்கள் சுருண்டு கறுக்கத் தொடங்கின. வடிவு தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுன்ஹோ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரும் திருப்பிப் போடுகிற வழியாக இல்லை.

எதுவாக இருந்தாலும் தீய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. இடுக்கியை எடுத்து நானே திருப்பினேன். ஒவ்வொரு துண்டாக, இரண்டு பக்கமும். வெந்ததும் ஒன்றை எடுத்து வடிவின் கிண்ணத்தில் வைத்தேன்.

"ஆறிப்போனா நல்லாருக்காதாம்," என்றேன். "சாப்பிடு."

அவள் குச்சியை எடுத்தாள். கீழே வைத்தாள்.

"அப்பா, நான் நாலு வருசமா சாப்பிடுதேன். உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னு நினைப்பேன். உங்க முகத்தப் பாத்தா வாய் வராது."

"இப்ப சொல்லிட்டேல்லா."

"கோவமா?"

கொஞ்சம் யோசித்தேன். இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். "கொஞ்சம்," என்றேன். "அதுக்காகப் பட்டினி கிடப்பியோ? அன்னைக்கு உன் வயிறு இரையுதது எனக்குக் கேட்டுச்சு. அதான் தாங்க முடியல."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான்கு வருடத்துப் பழக்கம் கையில் தெரிந்தது. குச்சியால் இறைச்சியை எடுத்து விழுதில் தொட்டு வாயில் போடுவதை அவ்வளவு லாவகமாகச் செய்தாள்.

யூன் அம்மாள் மகனிடம் ஏதோ கேட்டார். இந்தத் தடவை ஜுன்ஹோ நாங்கள் பேசியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான் என்று நினைக்கிறேன். நாங்கள் பேசியதைவிட அதிக நேரம் ஆனது. வடிவும் நடுநடுவே திருத்தினாள். கேட்டு முடித்ததும் அந்த அம்மாள் ஒரு கீரை இலையை உள்ளங்கையில் விரித்து, இறைச்சியும் பூண்டும் வைத்து மூட்டை மாதிரி மடித்து, வடிவின் வாயில் ஊட்டினார். கன்னம் இரண்டும் உப்பிப் போயிற்று.

பிறகு இன்னொரு இலை விரித்தார். காளான், பச்சை மிளகாய், விழுது. என்னை வாயைத் திறக்கச் சொன்னார். அறுபத்து நான்கு வயதில், ஒரு கடை நடுவில். திறந்தேன். அதை ஒரே வாயில் போட வேண்டும், பாதியில் கடிக்கக் கூடாது என்று விதி. வாய் நிறைந்திருக்கும்போது யாரும் மறுத்துப் பேச முடியாது. கையெழுத்தும் கிடையாது, முத்திரையும் கிடையாது. இந்த ஊரில் சம்மதம் வாங்குகிற முறை இப்படித்தான் போலிருக்கிறது.

ஒரு குறிப்பு. அவசரத்தில் என் தனிச் சட்டியைக் கொண்டுவர எல்லோரும் மறந்துவிட்டார்கள். காளானும் அதே இரும்புத் தட்டில்தான், சரிவின் கீழ்ப் பக்கத்தில், வெந்தது. வந்த நாள்முதல் காளான் சாப்பிட்டு வருகிறேன். இன்றைய காளானில் இதுவரை இல்லாத ஒரு ருசி இருந்தது. காரணத்தை ஆராயவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 25

பெட்டி கட்டியாயிற்று. இறால் இல்லாத கிம்ச்சி இரண்டு டப்பா, வாசனை வெளியே வராதபடி உறைமேல் உறை போட்டு யூன் அம்மாள் கொடுத்திருக்கிறார்.

கோமதியிடம் பேசினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அவ சொல்லிட்டாளா?"

"எதை?"

"அதான். அவ திங்குததை."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கோமதி முகம்தான் தெரிந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ அங்க வேலைக்குப் போன மூணாம் மாசமே சொல்லிட்டால்லா. குளிர்ல காய்ச்சல் வந்து சுருண்டு கிடந்துருக்கா. அந்தப் பையனோட அம்மாதான் கறி சூப்பு வச்சுக் குடுத்துத் தேத்தியிருக்கு. எங்கிட்ட போன்ல சொல்லி ஒரே அழுகை. அப்பாகிட்ட மூச்சு விடாதட்டி, அவங்க தாங்க மாட்டாங்கன்னு நாந்தான் சொன்னேன்."

ஆக, மறைத்தது வடிவு இல்லை. இதை யூன் அம்மாளிடம் சொல்லியிருந்தால் கோமதியையும் சம்பந்தியாக வேண்டாம் என்றிருப்பார்.

"எனக்கு வந்த மறுநாளே தெரியும்," என்றேன்.

"பின்ன ஏன் கேக்கல?"

"உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டேன்னு."

கோமதி சிரிக்க ஆரம்பித்தாள். சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிறுத்த முடியவில்லை அவளால். எனக்கும்.

"சரி, பையனுக்கு என்ன சொல்லுதிய?"

"ரயில்வே வேலை."

"அதையா கேட்டேன்?"

"ஷூக் கயிறு கட்டிவிட்டான்," என்றேன். "நல்ல பையன்."

"அப்ப தை மாசம் வச்சுக்கலாம்லா. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருவியளோன்னு நான் தினமும் பயந்துட்டுக் கிடந்தேன்."

இத்தனை காலம் கூட வாழ்ந்தும் அவள் பேச்சுக்கு எனக்குச் சரியாகப் பொருள் தெரியவில்லை என்று ஆகிறது.

வைக்கப் போகிற நேரத்தில் அவள் முகம் போனுக்குக் கிட்டே வந்தது.

"ஆமா, நேத்து அவங்க எல்லாரும் சாப்பிடும்போது நீங்க என்ன சாப்பிட்டிய?"

"காளான்."

"எதுல சுட்டாவ?"

பேச்சு விட்டுவிட்டு வருகிறது, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 26, விமானத்தில்

சைவமா, அசைவமா என்று பணிப்பெண் கேட்டாள். சைவம் என்றேன். உடனே சொல்லிவிடவில்லை.